கூடப் பாடுகிற ஆள்

பலவேசம் கேட்டான்: "யாரும் பயங்காட்டாம ஒரு பிள்ளைக்குள்ள பயம் நுழையுமா, டீச்சர்?"

அன்னப்பழம் டீச்சர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"ஒரு பிள்ளைக்கா?"

"அஞ்சு பிள்ளைக்கு."

"அஞ்சுக்கும் ஒரே பயமா?"

"ஒரே பயம்தான்."

டீச்சர் பம்பை நிறுத்தினார்.

"எத்தனாவது செகண்டுல வருது?"

அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொன்னான்.

"தெரிஞ்சுக்கிட்டு வா" என்றார் டீச்சர். மறுபடி காற்றடிக்கத் தொடங்கிவிட்டார்.

பலவேசத்துக்கு நாற்பத்தொரு வயது. செம்மணல் தேரி ஓரத்தில் ஒரு விளையாட்டு விடுதி. அங்கே பதினேழு வயதுக்குட்பட்ட பெண்களுக்கு அவன் கபடிக் கோச். ஒன்பது பிள்ளைகள். அவனுக்குக் கபடி சொல்லிக் கொடுத்தவர் அன்னப்பழம் டீச்சர். பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தார். முப்பது வருஷம் ஊர் ஊராகப் போய் அம்பயராக விசிலும் அடித்தார். இப்போது அறுபத்தேழு வயது. அவன் கோச் ஆன பிறகும் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போவான். போனால் பாதி நாள் திட்டு வாங்கிக்கொண்டு வருவான்.

இந்த முறை சந்தேகம் சாதாரணமானதல்ல.

கபடியில் பாடிப் போகிறவள் ஒற்றை மூச்சில் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே எதிர்ப்பக்கம் நுழைந்து, ஆளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பாட்டு நின்றால் அவுட். பலவேசத்திடம் பாடிப் போகிறவர்கள் ஐந்து பேர். இரண்டு மாதமாக ஐந்து பேருக்கும் நடுவழியில் பாட்டு நின்றுவிடுகிறது. மூச்சு தீர்ந்து நிற்பதில்லை. தொண்டை அடைத்துக்கொள்கிறது. கை கால் மரமாகிவிடுகிறது. எதிராளிகள் வந்து குடத்தைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

விடுதி நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஆட்டத்தில் ஜெயித்தால் மாநிலப் போட்டி. தோற்றால் கபடிப் பிரிவை மூடிவிடுவார்கள். ஒன்பது பிள்ளைகளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

கடிதம் வந்தது திங்கட்கிழமை. அவன் டீச்சரிடம் வந்தது செவ்வாய்.

*

புதன்கிழமை காலை மறுபடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"பத்தொம்பது" என்றான்.

"யாருக்கு?"

"எல்லாருக்கும்."

நெட்டைப் பிள்ளை எப்சிபாவுக்கு நெஞ்சு அகலம். கடலுக்குள் முங்கினால் நாற்பது எண்ணிய பிறகுதான் தலையைக் காட்டுவாள். அவளுக்கும் பத்தொன்பது. சந்தனமாரி ஒரு கைப்பிடி உடம்பு. மாடிப்படி ஏறினாலே மேல்மூச்சு வாங்கும். அவளுக்கும் பத்தொன்பது. மற்ற மூன்று பேருக்கும் அதே. ஒவ்வொருத்தியையும் நான்கு தடவை பாட விட்டுப் பார்த்திருக்கிறான். இருபது ரெய்டு. இருபதும் பத்தொன்பதாவது செகண்டில் நின்றிருக்கின்றன.

டீச்சர் தண்ணீர் எடுத்துக் குடித்தார். தம்ளரைக் கீழே வைக்க நேரமாயிற்று.

"இதுக்கு என்ன செஞ்ச?"

டாக்டரிடம் காட்டினானாம். பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை, இரும்புச்சத்து மாத்திரை போடுங்கள் என்று அனுப்பிவிட்டாராம். வார்டன் அம்மாள் உபதேசியாரைக் கூட்டி வந்து எப்சிபாவின் தலையில் கை வைத்து ஜெபிக்கச் சொன்னாராம். சந்தனமாரியின் அம்மா சுடலைமாடன் கோயில் திருநீறு கொண்டுவந்தாளாம். அவன் பங்குக்கு மைதானத்தின் நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தானாம்.

"எத்தனை பழம்?"

"நாலு."

"சாறு பிழிஞ்சிருந்தா பிள்ளையளாவது குடிச்சிருக்கும். சரி, மத்தியானம் வாரேன்."

"மத்தியானமா? உச்சி வெயில்ல அங்கன யாரும் போக மாட்டாக டீச்சர்."

"அதுக்குத்தான் வாரேன். யாரும் இருக்க மாட்டாகல்லா."

*

தேரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிவப்பு மணல். காற்று அதை ஓரிடத்தில் இருக்க விடாது. நேற்று மேடாக இருந்தது இன்று பள்ளம். பனைகள் கழுத்து வரை புதைந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். காலை எடுத்தால் தடம் மூடிக்கொள்ளும். உச்சி வேளையில் காக்கையும் கத்தாது.

அந்த மணலை ஒட்டித்தான் ஆடுகளம். தினமும் காலையில் பிள்ளைகள் மணலை ஒதுக்கிவிட்டுச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும்.

டீச்சர் வந்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பிள்ளைகளை நிற்க வைத்தார். யாருக்கும் வணக்கம் சொல்ல நேரம் கொடுக்கவில்லை.

"பாட்டு நிக்கறதுக்கு முன்னாடி என்ன நடக்கு? பொய் சொன்னா காதைத் திருகுவேன்."

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். கடைசியில் எப்சிபா வாயைத் திறந்தாள்.

"கூட ஒரு ஆளு பாடுது, டீச்சர்."

"யாரு?"

"தெரியாது. ஆம்பிளைக் குரல். சின்னதா கேக்கும். நான் பாடுற வேகத்துக்கு அதுவும் பாடும். திடீர்னு அது நின்னுரும். அது நின்னா எனக்கும் நின்னுரும்."

பலவேசம் இதை இப்போதுதான் கேட்கிறான். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மற்ற நான்கு பேரும் தங்களுக்கும் அப்படித்தான் என்றார்கள். சந்தனமாரி மட்டும் ஒன்று சேர்த்துச் சொன்னாள். அந்தக் குரல் பக்கத்தில் கேட்பதில்லையாம், கீழேயிருந்து வருகிறதாம். யார் மேலேயோ ஏறி மிதித்துக்கொண்டு பாடுவது போல இருக்கிறதாம்.

வெயில் கொதித்தது. ஆனாலும் வரிசையில் இருந்த பிள்ளைகள் நெருங்கி நின்றுகொண்டார்கள்.

டீச்சர் ஸ்டாப்வாட்ச்சை எடுத்தார். நான்கு பேரை எதிர்ப்பக்கம் நிறுத்தினார். எப்சிபாவைப் பாடிப் போகச் சொன்னார். பிறகு பலவேசத்தின் பக்கத்தில் வந்து நின்று, அவன் தொண்டைக்குழியில் இரண்டு விரலை வைத்தார்.

"எதுக்கு டீச்சர்?"

"பேசாத."

எப்சிபா நுழைந்தாள். கபடி கபடி கபடி. வலப்பக்கம் பாய்ந்தாள், பின்வாங்கினாள், இடப்பக்கம் கையை வீசினாள். பத்து. பதினைந்து. டீச்சர் வாட்ச்சையும் பார்க்கவில்லை, எப்சிபாவையும் பார்க்கவில்லை. அவருடைய விரலுக்கடியில் பலவேசத்தின் தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. அவன் உதடு மூடியிருந்தது. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

பதினெட்டு. பத்தொன்பது.

துடிப்பு நின்றது.

களத்தில் எப்சிபா மரமாக நின்றாள்.

"நீதான் பாடுத" என்றார் டீச்சர்.

பலவேசம் இல்லை என்றான். தான் வாயே திறக்கவில்லை என்றான். டீச்சர் அவன் கையைப் பிடித்து அவன் தொண்டையிலேயே வைத்தார். அடுத்து சந்தனமாரியை அனுப்பினார். அவனுக்கே தெரிந்தது. அவன் அறியாமல் அவனுக்குள் ஒருவன் பாடிக்கொண்டிருந்தான். பத்தொன்பதாவது செகண்டில் அந்த ஆள் பாட்டை நிறுத்தினான்.

பலவேசம் தொண்டையிலிருந்து கையை எடுத்தான்.

"அப்ப வாயைக் கட்டிக்கிடுதேன்" என்றான். ஓடிப்போய் ஒரு வாய் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்தான். வாயில் தண்ணீர் இருந்தால் தொண்டை அசையாது, அசைந்தால் புரையேறும். அப்படியே நின்றான். பிள்ளைகள் பாடிப் போனார்கள்.

பத்தொன்பது.

அவன் தோள்பட்டை ஏறி இறங்குவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று நினைத்தான். திரும்பி நின்றுகொண்டான்.

பத்தொன்பது.

"நான் இங்கன இருந்தாத்தான இது. நான் போறேன்" என்றான்.

"போ" என்றார் டீச்சர். "அந்த மூணாவது மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் உக்காரு. நான் சைக்கிள் மணி அடிச்சா வா."

போனான். மேடு ஏறி இறங்கினான். களம் கண்ணில் படாத இடத்தில், ஒரு பனையின் தலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனைச் சுற்றி மணல் மட்டும் சரசரவென்று நகர்ந்தது. வேறு சத்தம் இல்லை. காதைப் பொத்திக்கொண்டான். பொத்திய காதுக்குள் பாட்டு கேட்டது. கையை எடுத்துவிட்டான்.

மணி கேட்டது. திரும்பிப் பார்த்தான், வந்த தடம் ஒன்றுகூட இல்லை. குத்துமதிப்பாக நடந்து வந்து சேர்ந்தான்.

"எத்தனை?"

"பத்தொம்பது" என்றார் டீச்சர். "அஞ்சு பேருக்கும்."

பலவேசத்துக்கு ஒரு நிமிஷம் நிம்மதிதான் வந்தது. "அப்ப நான் இல்ல."

"நீ போன. அது போகல. உன்கிட்ட இருந்து பிள்ளையள் அதை எப்பவோ வாங்கிக்கிட்டுது."

அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

*

டீச்சர் பிள்ளைகளை வேப்பமர நிழலுக்குக் கூப்பிட்டார்.

"இவன் சொல்ல மாட்டான். இருபத்துநாலு வருஷமா எங்கிட்டயும் சொல்லல. நானும் இவன்கிட்ட அதைப் பத்திப் பேசல. இப்ப நான் சொல்லுதேன். குறுக்க பேசாதீக."

அவர் சொன்னது இவ்வளவுதான்.

இருபத்துநான்கு வருஷத்துக்கு முன் இந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் ஆட்டம். பலவேசம் அப்போது பதினேழு வயதுப் பையன். பிடிப்பதில் கெட்டிக்காரன். எதிரணியில் தவசிக்கனி என்று ஒருவன் பாடி வந்தான். அவனுக்கும் அதே வயது. பலவேசம் அவனை இடுப்பில் பிடித்துக் கீழே சாய்த்தான். மற்ற ஆறு பேரும் மேலே விழுந்தார்கள். ஆனால் பாட்டு நிற்கவில்லை. அந்தக் காலத்து விதிப்படி, பிடிபட்டவன் பாடிக்கொண்டிருக்கும் வரை அவுட் இல்லை. பாட்டு நின்றால்தான் விசில். தவசிக்கனி ஏழு பேருக்கு அடியில் கிடந்து பாடினான். பலவேசத்தின் உள்ளங்கை அவன் நெஞ்சில் இருந்தது. விடவில்லை. விடுவதற்கு யாரும் சொல்லவும் இல்லை.

பிறகு பாட்டு நின்றது. அம்பயர் விசில் அடித்தார். எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். தவசிக்கனி எழுந்திருக்கவில்லை.

நெஞ்சில் பிறவியிலேயே ஓட்டை இருந்திருக்கிறது, யார் மேலும் குற்றமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். பலவேசம் அதற்குப் பிறகு யாரையும் பிடிக்கவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டான். பத்து வருஷம் கழித்துக் கோச்சாக வந்தான்.

"பாடத் தொடங்கி, பாட்டு நின்னது பத்தொம்பதாவது செகண்டு" என்றார் டீச்சர்.

"அது எப்படி உங்களுக்குத் தெரியும், டீச்சர்?" என்று எப்சிபா கேட்டாள்.

"வாட்ச் என் கையில இருந்துச்சு. விசிலும் என் வாயிலதான் இருந்துச்சு."

பலவேசம் மணலைக் கையில் அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தான்.

சந்தனமாரிதான் கேட்டாள். அவளுக்கு எதைக் கேட்கலாம் எதைக் கேட்கக் கூடாது என்பது எப்போதுமே தெரியாது.

"அந்த அண்ணன் எப்படி இருப்பாக சார்?"

பலவேசம் கையில் இருந்த மணலைத் தட்டிவிட்டான். பிறகு சொன்னான். கறுப்பாக இருப்பான். மேல்பல் ஒன்று எடுப்பு. ஆட்டத்துக்கு முன் பலவேசத்தைப் பார்த்து, இன்றைக்கு உன் டவுசரைக் கழற்றாமல் போக மாட்டேன் என்று கேலி செய்தான். பலவேசமும் பதிலுக்கு ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்பது ஞாபகம் இல்லை. அதைத்தான் ராத்திரி பகலாக யோசித்துப் பார்க்கிறான், ஞாபகம் வரவில்லை.

சொல்லச் சொல்ல அவன் குரல் உடைந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாரை அப்படி அவர்கள் பார்த்ததில்லை. ஒருத்திக்கும் சிரிப்பு வரவில்லை.

டீச்சர் எழுந்தார்.

"போதும். எப்சிபா, பாடிப் போ."

எப்சிபா போனாள். டீச்சர் வாட்ச்சை அமுக்கினார். பதினெட்டு. பத்தொன்பது. அவள் கண் ஒரு முறை தரையைப் பார்த்தது. இருபது. இருபத்தொன்று. எதிர்ப்பக்கத்தில் இருந்த பிள்ளைகள் பிடிக்க மறந்து நின்றார்கள். இருபத்தேழில் திரும்பி வந்தாள்.

"குரல் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு, டீச்சர்."

"நின்னுச்சா?"

"நின்னுச்சு." மூச்சு வாங்கினாள். "அது யாருன்னு இப்பத் தெரியும்லா. நின்னாலும் பரவாயில்லன்னு வந்துட்டேன்."

சந்தனமாரி இருபத்திரண்டு பாடினாள். அவள் உடம்புக்கு அதுவே அதிகம்.

*

சனிக்கிழமை வரை ஒரு பிள்ளைக்கும் பாட்டு நிற்கவில்லை. பலவேசம் மட்டும் ஒவ்வொரு ரெய்டுக்கும் வாயில் தண்ணீரோடு நின்றான். அதை விட்டுவிடும்படி வார்டன் அம்மாள் சொன்னார். பிள்ளைகளும் சொன்னார்கள். கேட்கவில்லை. டீச்சரிடம் ஒன்று மட்டும் கேட்டான்.

"ஞாயித்துக்கிழமை நான் வரட்டுமா, வேண்டாமா?"

"கோச் வராம டீம் எப்படி இறங்கும்?"

"எங்கிட்ட இருந்து இன்னும் எதுவும் பிள்ளையளுக்குப் போயிருச்சுன்னா?"

"போகும்" என்றார் டீச்சர். "அதுக்கு என்ன செய்யச் சொல்லுத? உன்னைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டவா?"

ஞாயிறு சாயங்காலம் ஆட்டம். எதிரணி மலையடிவாரத்துப் பிள்ளைகள். நல்ல உயரம், நல்ல சாப்பாடு. ஏற்பாடு செய்தவர்கள் பழைய விதியில் பிடிவாதமாக இருந்தார்கள். பாட்டு நிற்காமல் விசில் இல்லை.

பலவேசம் கோட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். டீச்சர் எதிர்ப்புறம், கூட்டத்தோடு நின்றார்.

ஆட்டத்தைப் பந்தல் போட்டு வர்ணிக்கத் தேவையில்லை. எப்சிபா ஒன்பது பாயிண்ட் கொண்டுவந்தாள். சந்தனமாரியைப் பார்த்து எதிரணிப் பெண் ஒருத்தி, பால் குடிச்சிட்டு வாம்மா என்றாள். சந்தனமாரி அவளையே தொட்டுவிட்டு வந்தாள். பத்தொன்பதாவது செகண்டுகள் வந்தன, போயின. யாரும் நிற்கவில்லை. பலவேசத்தின் வாய் உப்பியே இருந்தது. கூட்டத்தில் ஒருவன், கோச்சுக்குப் பல்வலி போலிருக்கிறது என்றான்.

கடைசி ரெய்டு. இருபத்தொன்று, இருபது. பலவேசத்தின் பிள்ளைகள் ஒன்று முன்னால் இருந்தார்கள். எதிரணியின் கேப்டன் பாடி வந்தாள். அவளைப் பிடித்துவிட்டால் முடிந்தது.

ஏழு பேரும் கை கோத்து அரைவட்டமாக நின்றார்கள். அவள் உள்ளே வந்தாள். எப்சிபா கணுக்காலைப் பிடித்தாள். அவள் விழுந்தாள். ஏழு பேரும் அவள் மேல் விழுந்தார்கள்.

கூட்டம் எழுந்து நின்றது. விசில் வரவில்லை. குவியலுக்கு அடியிலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. கபடி கபடி கபடி.

பலவேசம் எழுந்து நின்றான். அவன் எண்ணவில்லை. அது தானாக எண்ணிக்கொண்டது. பதினான்கு. பதினைந்து. பாட்டு மெலிந்தது. அவன் வலது உள்ளங்கை சில்லிட்டது. பதினாறு. பதினேழு. கூட்டத்தின் சத்தம் அவன் காதில் இல்லை. பாட்டு மட்டும் இருந்தது, அது கீழேயிருந்து வந்தது. பதினெட்டு. அவன் வாயைத் திறக்கவில்லை. கையையும் அசைக்கவில்லை.

பத்தொன்பது.

பதினான்கு கைகள் விட்டன.

ஒரே நேரத்தில் விட்டன. யாரும் சொல்லவில்லை. ஏழு பிள்ளைகளும் பின்னால் சரிந்து உட்கார்ந்தார்கள். நடுவில் அந்தப் பெண் குப்புறக் கிடந்தாள். மைதானம் முழுவதும் அவள் பாட்டைத் தவிர ஒரு சத்தமில்லை. அவள் விரல்கள் மண்ணைப் பற்றின. பாடிக்கொண்டே முழங்காலில் ஊர்ந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. நடுக்கோட்டில் கையை வைத்தாள்.

விசில் அடித்தது. தொட்டது ஏழு பேர், எதிரணிக்கு ஏழு பாயிண்ட்.

*

எதிரணிப் பிள்ளைகள் தங்கள் கேப்டனைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். அவள் முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். அப்புறம் சிரித்தாள்.

பலவேசத்தின் பிள்ளைகள் வேனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எப்சிபா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் விடல சார்" என்றாள். "சத்தியமா விடல. விரலை யாரோ ஒண்ணொண்ணாப் பிரிச்ச மாதிரி இருந்துச்சு."

மற்ற ஆறு பேரும் அதையேதான் சொன்னார்கள். பிரித்த விரல் எப்படி இருந்தது என்று வார்டன் அம்மாள் கேட்டார். குளிர்ச்சியாக இருந்தது என்றாள் ஒருத்தி. சந்தனமாரி, வீட்டுக்குப் போனால் திரும்பப் பத்தாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களா என்று மட்டும் கேட்டாள். அவள் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

பலவேசம் அங்கே நிற்க முடியாமல் வந்துவிட்டான். காலியான களத்துக்கு நடுவில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போனான். வாயில் இருந்த தண்ணீரை எப்போது விழுங்கினான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நான் வாயத் திறக்கல, டீச்சர்."

"தெரியும்."

"நான் ஒரு சைகைகூடக் காட்டல."

"பாத்தேன்."

"பெறவு விட வச்சது யாரு? நானா, அவனா?"

டீச்சர் காலால் மண்ணைத் தள்ளினார்.

"ஒம்பது பிள்ளையும் நாளைக்குப் பெட்டியக் கட்டுது. என்னாலதான? உங்ககிட்ட வராம இருந்தா, அவன் கதைய அதுகளுக்குச் சொல்லாம இருந்தா, பிடியாவது விடாம இருந்திருக்கும்லா? நான் அதுக முகத்துல எப்படி முழிக்க? என்னன்னு சொல்ல?"

மைதானத்தின் அந்தக் கோடியில் எதிரணிக் கேப்டனை இறக்கிவிட்டிருந்தார்கள். அவள் குழாயைத் திறந்து தலையை நனைத்தாள். யாரோ கூப்பிட்டார்கள். ஈரத் தலையோடு ஓடினாள். டீச்சர் அவள் கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை எந்திரிச்சு நடந்துச்சுல்லா" என்றார். "அதைச் சொல்லு."